வேலாயுதத்துக்காக வந்த இரண்டு கடிதங்கள்

இருபத்தெட்டு வயதில் ஒருத்தி தன்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். என் கணவரும் சிரித்தார். "பென்ஷன் எவ்வளவு எஸ்தர்?" என்று கேட்டார். ஆனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி ஆபீசுக்குப் போக முடியாது என்று ஆனபின் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. ஆறு வருஷம் வேலை பார்த்தேன், இப்போது பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் மிஷன் பள்ளியில் படித்து இப்போது ரங்கூன் ஆபீசுகளில் டைப்பிஸ்டாக இருக்கும் பெண்கள், பழைய மாணவியர் மலருக்கு என் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். முதலில் மறுத்தேன். சீசன் நடுவில் ஓர் ஆட்டக்காரரும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கூடாது என்று ஹாக்கிச் சங்கத்தார் போன மாதம் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது, நான் செய்துவந்த வேலை இனி யாருக்கும் வராது என்று தோன்றியது. அது நிம்மதியா வருத்தமா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் பள்ளியிலேயே ஒரு சிஸ்டர் டைப்பும் சுருக்கெழுத்தும் சொல்லிக் கொடுத்தார். கையின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, எழுத்துகளைப் பார்க்காமல் அடிக்க வைப்பார். இரண்டு வருஷம் அந்தத் துணிக்குக் கீழேதான் வாழ்ந்தேன். அதன் பிறகு அலோன் கரையில் ஒரு கப்பல் ஏஜண்டு கம்பெனியில் இடம் கிடைத்தது. ஹெட் கிளார்க் ஞானமுத்து சாருக்குக் கடிதம் அடிப்பது என் வேலை. அவரே கம்பெனியின் ஹாக்கி கிளப்புக்கும் காரியதரிசி. அப்படித்தான் ஹாக்கி என் மேஜைக்கு வந்தது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கூட அன்று எனக்குத் தெரியாது.

வெளியாருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆனால் ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்தான் அந்தக் கம்பெனிக்காக ஆடலாம் என்பதும் விதி. ஆகவே நல்ல ஆட்டக்காரர் வேண்டுமென்றால் அவருக்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். அவரை வைத்திருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். பதிலுக்கு ஆள் கேட்பார்கள். இதற்குக் காகிதத்தில் "ஊழியர் பரஸ்பர மாற்றம்" என்று பெயர். அந்தக் காகிதங்களை அடித்தவள் நான். மழைக்காலம் கால்பந்துக்கு. மழை நின்று தரை இறுகியதும் ஹாக்கி தொடங்கும், கடிதங்களும் தொடங்கும்.

ஞானமுத்து சார் கடிதத்தை உடனே தொடமாட்டார். வந்ததும் மசிக்கூட்டுக்கு அடியில் வைத்துவிடுவார். இரண்டு நாள் அது அங்கேயே கிடக்கும். மூன்றாம் நாள் காலையில் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டி, ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "வாசிம்மா" என்பார். நான் வாசிப்பேன். முடித்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்பார்:

"இதுல அவன் சொல்லாம விட்டது என்ன?"

முதல் தடவை நான் விழித்தேன். "கடிதத்தில் இருக்கிறதைத்தானே சார் வாசிக்க முடியும்?" என்றேன்.

"இருக்கிறதை வாசிக்க பியூன் போதும். ஒருத்தன் தன் மாட்டை விக்கும்போது கொம்பைப் பத்திப் பேசினா, நீ காலைப் பாக்கணும்."

அப்புறம் ஒரு முழுத்தாளை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டு கோடு போடச் சொன்னார். முதல் பத்தி, நமக்கு வருவது. இரண்டாவது, நம்மிடமிருந்து போவது. மூன்றாவது, சொல்லாதது. ஒவ்வொரு கடிதத்துக்கும் அப்படி ஒரு தாள். மூன்றாம் பத்தி நிரம்பாத தாளை அவர் வாங்கிக்கொள்ளமாட்டார். நிரம்பினாலும் பாராட்டமாட்டார், பேனாவை மூடி சட்டைப் பையில் செருகுவார். செருகினால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

சிறு வயதிலிருந்தே எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவள் நான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். திட்டு வாங்கித் தந்த இந்தக் குணம், மூன்றாம் பத்திக்கு உதவியது. ஒரு தடவை ஃபுல் பேக் ஒருவரைத் தருவதாக எழுதியிருந்தார்கள். அவருடைய உயரம், ஒழுக்கம், குடும்பம் எல்லாம் இருந்தன. போன சீசனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை எழுதினேன். விசாரித்ததில் போன சீசன் முழுவதும் தோள் எலும்பு முறிந்து படுத்திருந்தார் என்று தெரிந்தது. சார் பேனாவைச் செருகினார். அன்று டிராமில் வீட்டுக்கு வரும்போது எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

அந்தக் கர்வம் ஒரு வருஷம் தாங்கவில்லை. இன்னொரு கடிதத்தில், "இவர் சமீப காலமாக வேலைக்கு ஒழுங்காக வருகிறார்" என்று ஒரு வரி இருந்தது. அப்படியானால் முன்பு ஏன் வரவில்லை? "குடிப்பழக்கம் இருந்திருக்கலாம்" என்று மூன்றாம் பத்தியில் எழுதிவிட்டேன். கம்பெனி அவரை வேண்டாமென்றது. பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் மலேரியாவில் நாலு மாதம் கிடந்தவர். எங்கள் கம்பெனி வேலையை நம்பி வீடு கூடப் பார்த்து வைத்திருந்தாராம். நான் எழுதிய இரண்டு சொற்களை அவர் பார்க்கவே இல்லை. அவரை நானும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு மூன்றாம் பத்திக்கு வரும்போதெல்லாம் என் விரல் கொஞ்சம் நின்றுதான் இறங்கும்.

இனி வேலாயுதத்தைப் பற்றி.

வேலாயுதம் எங்கள் கம்பெனியின் சென்டர் ஃபார்வர்டு. அலோன் துறையில் மூட்டை தூக்கிய ஒருவரின் மகன். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் வேலையில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது சிறியவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். ரங்கூனில் அவருடைய ஆட்டத்தைப் பார்க்க டிராம் கண்டக்டர்கள் கூட விசிலடித்துக்கொண்டு வருவார்கள். பந்து அவர் ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கும். ஆனால் கோப்பை ஒன்றும் எங்களுக்கு வரவில்லை. காரணம் எளிது. எங்களிடம் நல்ல கோல் கீப்பர் இல்லை. "அவன் நாலு போடுவான், நாம அஞ்சு வாங்குவோம்" என்று சார் சொல்வார்.

எங்கள் மானேஜர் துரைக்கு இது பொறுக்கவில்லை. தான் சீமைக்குத் திரும்புவதற்குள் ஒரு கோப்பை வேண்டும் என்று நினைத்தார். வேலாயுதத்தைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று நாலு இடத்தில் பேசினார். டிசம்பரில் இரண்டு கடிதங்கள் வந்தன.

முதல் கடிதம் சர்க்கார் ரயில் இலாகாவிலிருந்து. கோ டின் என்ற பர்மியக் கோல் கீப்பரையும் ஒரு ஃபுல் பேக்கையும் தருவதாக எழுதியிருந்தார்கள். கோ டின் அந்த வருஷம் ரங்கூனிலேயே சிறந்த கீப்பர். வேலாயுதத்துக்கு சரக்கு ரயில் யார்டில் வண்டி எண் குறிக்கும் வேலை. நிரந்தர வேலை, பென்ஷன், குடியிருக்க லைன் வீடு.

இரண்டாவது ஓர் அரிசி மில்லிலிருந்து. அவர்கள் தருவது ஒரே ஆள். இன்னும் பழகாத ஒரு இளைஞர். அதோடு, எங்களுக்கு சொந்த மைதானம் இல்லாததால், சீசனில் வாரம் இரண்டு நாள் மில் மைதானத்தைத் தருவார்கள். வேலாயுதத்துக்கு மில்லில் எடைமேடை குமாஸ்தா வேலை. சீசன் வேலைதான், நெல் வரத்து நின்றால் ஆளைக் குறைப்பார்கள்.

யார் பார்த்தாலும் முதல் கடிதம்தான். துரை அப்போதே முடிவு செய்துவிட்டார். ஆனாலும் தாள் தயாராக வேண்டும்.

அப்போது என் மூத்தவன் சாமுவுக்கு எட்டு மாதம். லத்தா பேட்டையில் எங்கள் மாடிக்குக் கீழே இருந்த டோ மியா என்ற பர்மிய அம்மாளிடம் அவனை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போவேன். மத்தியானம் பால் கொடுக்க வந்து போவதற்கு ஞானமுத்து சார் ஒரு மணி நேரம் விட்டிருந்தார். கம்பெனியில் வேறு யாருக்கும் அப்படி ஒரு சலுகை இல்லை. "டிராம் தாமதமானா ஓடி வராத. ஓடினா பால் சூடாயிரும், பிள்ளைக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவருக்கு எவ்வளவு கடமைப்பட்டிருந்தேன் என்பதைச் சொல்லாவிட்டால், பிறகு நான் செய்தது புரியாது.

வியாழக்கிழமை காலைகளில் மிஷன் மருந்துச்சாலையில் குழந்தைகளை எடை பார்ப்பார்கள். வேலாயுதத்தின் மனைவி அஞ்சலையும் ஆறு மாதக் கைக்குழந்தையோடு அங்கே வருவாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அந்த வாரம் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்.

"என்னக்கா, லைன் வீடு நெசந்தானா?" என்று கேட்டாள்.

"இன்னும் முடிவாகலை அஞ்சலை."

"ஆயிரும்னு அவரு குதிக்கிறாரு. கோயிலுக்கு நேந்துக்கிட்டு, இவனுக்கு மொட்டை போடுற வரைக்கும் கவிச்சியே தொடமாட்டேன்னு கெடக்காரு. வெறும் சோறும் ரசமும். அந்த முருகன்தான் கண்ணத் தொறந்துருக்கான்." பிறகு குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "யார்டுல ராத்திரி வேலை இருக்குமாக்கா? கடுதாசில எழுதியிருக்கா?"

"ஏன் கேக்குற?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "பொழுது எறங்கினா அவருக்குக் கண்ணு தெரியல. ரெண்டு மாசமா இப்படித்தான். கதவுக் கொண்டியத் தடவித்தான் கண்டுபிடிக்காரு. வெளிய சொல்லிராதீங்க. உங்கள அக்காவா நெனச்சுச் சொன்னேன்."

நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். சாமுவைத் தராசில் வைத்தேன். அவன் எடை எவ்வளவு என்று சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

ஆபீசுக்கு வந்ததும் ஸ்கோர் புத்தகத்தை எடுத்தேன். போன சீசனில் வேலாயுதம் இரண்டு பாதியிலும் கோல் போட்டிருந்தார். இந்த சீசனில் அக்டோபர் கடைசியிலிருந்து ஒரு கோல் கூட இரண்டாம் பாதியில் இல்லை. எங்கள் ஆட்டம் நாலரைக்குத் தொடங்கும். மார்கழியில் இரண்டாம் பாதி முழுவதும் அந்தி மசமசப்பில்தான் நடக்கும். அவர் களைத்துப்போகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் புத்தகத்தை எழுதியவளே நான்தான்.

முதல் கடிதத்தின் தாளில், மூன்றாம் பத்தியில், "வேலை நேரம் சொல்லப்படவில்லை" என்று எழுதினேன். அது பொய்யல்ல. அஞ்சலைக்குக் கொடுத்த வார்த்தையும் கெடவில்லை. சார் வாசித்து, பேனாவைச் செருகி, விசாரித்து ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். நாலு நாளில் பதில் வந்தது: மூன்று வாரத்தில் ஒரு வாரம் இரவு முறை. துரை அதைப் பார்த்து, அதிலென்ன, எல்லோரும்தான் செய்கிறார்கள் என்றார். நான் வைத்த முட்டுக்கட்டை அவ்வளவுதான் தாங்கியது.

அன்று மாலை வேலாயுதம் என் மேஜைக்கு வந்தார். எப்போதும் தூரத்திலிருந்தே ஏதாவது கேலி பேசிக்கொண்டு வருகிறவர், அன்று பேசாமல் வந்து நின்றார்.

"அஞ்சலை ஏதாச்சும் உளறினாளாக்கா?"

நான் மெஷினில் தாளைச் சரிசெய்தேன்.

"உளறிட்டா." நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "யார்டுல ஆளுக்கொரு கை விளக்கு குடுக்காங்க. அது போதும்."

"வண்டி அசையும் வேலாயுதம். இரண்டு வண்டிக்கு நடுவுல போய் எண் பாக்கணும்."

"சத்தம் கேக்காதா? சாயங்காலம் பந்த நான் எப்படி ஆடுறேன்னு நெனைக்கிறீங்க? சத்தத்த வெச்சுத்தான். பந்து எம்மாம் பெருசு, வண்டி எம்மாம் பெருசு?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "எங்கப்பன் மூட்டைக்கு அடியிலயே செத்தான். எனக்கு ஹாக்கி இன்னும் எத்தனை வருசம்? அஞ்சு? அதுக்கப்புறம் எவன் வேலை குடுப்பான்? இந்த ஒரு காகிதந்தான் எனக்கு வயசான காலத்துக்குச் சோறு. நீங்க எழுதிட்டா யார்டும் போச்சு, இங்கயும் குருடன்னு வெளிய தள்ளிருவாங்க. எழுதாதீங்கக்கா."

"நான் ஒண்ணும் எழுதலை" என்றேன். அந்த நிமிஷம் வரை அது உண்மை. அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாட்களில் நான் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரே கடிதத்தை மூன்று தடவை அடித்தேன். மத்தியானம் பால் கொடுக்கும்போது சாமு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். டோ மியா என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் காச்சல்" என்றார். சொன்னால் மலேரியா மனிதரைப்போல இன்னொருவர் என்னால் வேலை இழப்பார். சொல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் காலை அஞ்சலை என் வீட்டுப் படியேறி வருவாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என் கணவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன்.

"உன் வேலை டைப் அடிக்கிறதா, ஊரைக் காப்பாத்துறதா?" என்றார்.

"டைப் அடிக்கிறதுதான்."

"அப்புறம் என்ன?"

"அடிக்கப்போறது அவரை அனுப்புற கடிதமாச்சே."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

எங்கள் வழக்கம் இப்படி: இரண்டு பக்கத்தாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, நாங்கள் விடுவிப்புக் கடிதத்தையும் அவர்கள் நியமனக் கடிதத்தையும் ஒரே நேரத்தில் கைமாற்றுவார்கள். அதற்குக் குறித்த நாளுக்கு முந்திய காலையில் விடுவிப்புக் கடிதத்தை அடிக்க உட்கார்ந்தேன். வேலாயுதம் என்ற பெயர் வரை அடித்தேன். எழுந்து ஞானமுத்து சாரின் மேஜைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிராம்பு வாயில் இல்லை.

"இத எத்தனை நாளா வெச்சிருக்க?"

"ஒன்பது நாள் சார்."

"ஒன்பது நாள்." கண்ணைத் திறந்தார். "மூணாம் பத்தி அடுத்தவன் கடிதத்துக்கு மட்டுந்தான்னு உனக்கு யார் சொன்னா?"

அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அன்று மாலை ஆட்டம் இல்லை. நாங்கள் வாடகைக்கு எடுத்து ஆடும் மைதானத்துக்கு வேலாயுதத்தை சார் வரச் சொன்னார். என்னையும் வரச் சொன்னார். வெயில் போய் மரங்களின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. எனக்குப் பந்து நன்றாகவே தெரிந்தது. சார் கோட்டுப் பையிலிருந்து பந்தை எடுத்து, தரையில் உருட்டாமல், வேலாயுதத்தின் காலருகே புல்லில் சத்தமில்லாமல் வைத்தார்.

"அடிப்பா."

வேலாயுதம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். சத்தத்துக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. பிறகு ஸ்டிக்கை இடமிருந்து வலமாக மெல்லத் துழாவினார். பந்து அவர் வலது காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. ஸ்டிக் அதைத் தாண்டிப் போயிற்று. இரண்டாம் தடவையும் போயிற்று. மூன்றாம் தடவை அவர் துழாவவில்லை. ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு நின்றார்.

"அக்காவும் வந்திருக்காங்களா சார்?" என்று கேட்டார். நான் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

மறுநாள் சார் துரையிடம் போய், கோல் கீப்பரைவிட மைதானம் முக்கியம் என்று வாதாடினார். சொந்த மைதானம் இல்லாத கிளப் வாடகை வீட்டுக்காரன் மாதிரி என்றாராம். துரைக்குக் கோபம், கோப்பை போயிற்றே என்று ஒரு வாரம் சாரோடு பேசவில்லை. கண் விஷயத்தை சார் துரையிடம் சொல்லவே இல்லை. ஆனால் மில் ஹெட் கிளார்க்கை நேரில் பார்த்து, மாலை மங்கலில் இவருடைய ஆட்டம் நிற்காது, பகல் வேலை மட்டும் கொடுங்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். சொந்த மைதானம் இருப்பதால் அவர்கள் ஆட்டத்தை மூன்றரைக்கே தொடங்கிக்கொள்ளலாம். அதனால் ஒப்புக்கொண்டார்கள்.

மில்லோடு கைமாற்றிய நாளில், விடுவிப்புக் கடிதத்தில் வேலாயுதத்துக்கான பிரதியை நான்தான் நீட்டினேன். வேலாயுதம் அதை என் கையிலிருந்து வாங்கவில்லை. மேஜையில் வைக்கும்வரை காத்திருந்து, பிறகு எடுத்துக்கொண்டார்.

"நல்லாருங்கக்கா" என்றார். வாழ்த்துவதுபோல்தான் சொன்னார்.

அந்த சீசனில் நாங்கள் அரையிறுதி வரை கூடப் போகவில்லை. மில்லிலிருந்து வந்த இளைஞருக்குப் பந்தைப் பார்த்தாலே பயம். இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார், பகல் வெளிச்சத்தில் எடை பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சீசனில் மில் அணி எங்களோடு ஆடியது. அன்று ஆட்டத்தை நடத்துவது எங்கள் முறை, ஆகவே நாலரைக்குத்தான் தொடங்கியது. ஸ்கோர் புத்தகத்தோடு நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். முதல் பாதியில் வேலாயுதம் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில், எனக்கே பந்து தெரியாத மங்கலில், இரண்டு போட்டார். கடைசிக் கோலுக்கு எங்கள் கோல் கீப்பர் அசையவே இல்லை, அவர் பார்க்கவில்லை. வேலாயுதம் பார்த்திருந்தார். என் கையில் பென்சில் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த ஞானமுத்து சார், "எழுதிக்கோ" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை மருந்துச்சாலை நர்ஸிடம் கேட்டேன். மாலைக்கண் என்று ஆரம்பித்ததுமே அவள், "சத்து இல்லாமச் சாப்பிட்டா வரும். ஈரலும் மீனெண்ணெயும் குடுத்தா சில வாரத்துல போயிரும். ஊர்ல எல்லாப் பெண்களுக்கும் தெரியுமே" என்றாள். பள்ளி போர்டிங்கில் வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு மொட்டை போட்டு விரதம் முடிந்ததும் அஞ்சலை ஆட்டு ஈரல் வாங்கிக் கொடுத்தாளாம். கண் வந்துவிட்டது.

வெறும் சோறும் ரசமும் என்று அவள் வரிசையில் நின்றபடி என்னிடம் சொன்னாள். சொல்லாததைத் தேடுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான்; சொன்னதை விட்டுவிட்டேன். ஒன்பது நாட்களில் ஒரு தடவை இந்த நர்ஸைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ரகசியம் வெளியே போய்விடும் என்று பயந்தேன். கேட்டிருந்தால், யார்டு வேலையில் சேர இரண்டு மாதம் தவணை கேட்டு சார் ஒரு கடிதம் அடிக்கச் சொல்லியிருப்பார். அப்படி எத்தனையோ கடிதம் அடித்திருக்கிறோம். அந்த யார்டு வேலைக்குப் பிறகு போனவர் இன்றும் அங்கேதான், நலமாக இருக்கிறார். மறுபக்கமும் யோசிக்கிறேன்: அந்த மாதமே அவர் போயிருந்து, இரவு முறை முதல் வாரத்திலேயே வந்திருந்தால்? இதற்கு முடிவு இல்லை. பிள்ளைக்குப் பால் ஆற்றும்போது இந்த யோசனை வரும், பால் ஆறும்வரை இருக்கும்.

சின்னவள் வயிற்றில் வந்தபோது வேலையை விட்டேன். ஞானமுத்து சார் என் கடைசி நாளன்று என் தாள்களையெல்லாம் கட்டி, பீரோவில் தன் கையாலேயே வைத்தார்.

இது எழுதுவதற்கு மூன்று வாரம் முன்பு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போக, அலோன் துறையில் சம்பான் படகுக்குக் காத்திருந்தேன். இடுப்பில் சின்னவள், கையில் சாமு. தண்ணீர் வற்றி, மரப்படிகள் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தன. பொழுது இறங்கிவிட்டது, படியின் அடி எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து, "அக்கா" என்று குரல் கேட்டது. வேலாயுதம். இளைத்திருந்தார்.

"மில்லிலிருந்து வரீங்களா?" என்று கேட்டேன்.

"மில்லு ஏது? ஆள் கொறைச்சு ரெண்டு மாசமாச்சு. வரத்து வந்தா கூப்புடுவாங்க. அக்கரையில கட்டை அடுக்குற வேலை இருக்குன்னாங்க, பாக்கப் போறேன்." வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லாமல் சொன்னார். "அஞ்சலைக்கு மறுபடி அஞ்சு மாசம்."

சம்பான்காரன் கீழேயிருந்து கூப்பிட்டான். வேலாயுதம் இரண்டு படி இறங்கித் திரும்பி, கையை நீட்டினார்.

"பெரியவனக் குடுங்க."

நான் சாமுவின் கையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த மங்கலில் என் முகம் அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருக்க வேண்டும். அவர் கையை மடக்கவில்லை.

"நாலாவது படி ஒடைஞ்சு கெடக்கு, அஞ்சாவதுல ஆணி நீட்டிக்கிட்டிருக்கு" என்றார். "நீங்க கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு, நான் கால் வெக்கிற எடத்துலயே வெச்சு வாங்க."

குனிந்து பார்த்தேன். எனக்குப் படியே தெரியவில்லை. சாமுவை அவரிடம் கொடுத்தேன்.